ஒரு கோபுரமும் ஓர் இடாப்பும்

(நமது சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய மாணவிகள் கூட்டத்துக்கு ஒரு வைத்தியரை அழைத்தால் சீனி வருத்தத்தைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் பேசுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். "இந்தமுறை வருத்தங்களை விட்டுவிட்டு, நீங்கள் போய்வந்த ஓர் ஊரைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று செயலாளர் அக்கா கேட்டுக்கொண்டார். ஆகவே பிரான்சின் தென்கரையில் உள்ள ஏக்மோர்த் என்ற பழைய மதில் நகரத்தைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். பரிஸ் போய் வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். லா சப்பல் தெருவில் நம்மவர் கடையில் கறித்தூள் வாங்கியவர்களும் இருப்பீர்கள். ஏக்மோர்த் அவ்வளவு பேர்பெற்ற ஊர் அல்ல. ஆனால் உப்புவெளிக்காரர் ஒருமுறை பார்க்கவேண்டிய ஊர்.

மாநாடு ஒன்றுக்காக மொன்பெலியே நகரத்துக்குப் போயிருந்தேன். அங்குள்ள மருத்துவ பீடத்துக்கு 1220 ஆம் ஆண்டிலேயே விதிகள் எழுதப்பட்டுவிட்டன. இன்றும் இயங்கும் மருத்துவ பீடங்களில் உலகிலேயே பழையது அதுதான். மாநாடு முடிந்தபின் ஒரு நாள் மிஞ்சியது. கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவில் உள்ள ஏக்மோர்த்துக்குப் பஸ் ஏறினேன்.

அந்த ஊரின் பெயருக்குப் பொருள் 'செத்த நீர்', அதாவது ஓடாமல் தேங்கிக் கிடக்கும் தண்ணீர். ரோன் நதி கடலில் கலக்கும் பகுதியில், களப்பும் சதுப்பும் உப்பளமுமாகக் கிடக்கும் தட்டையான நிலம். தண்ணீரில் பூநாரைகள் நிற்கின்றன. உப்புக் காற்று முகத்தில் அடிக்கிறது. நிலாவெளி உப்பளப் பக்கம் போய்வந்தவர்களுக்கு அந்த மணம் புதிதாக இராது.

இப்படிப்பட்ட இடத்தில் ஏன் ஒரு நகரம்? 13 ஆம் நூற்றாண்டில் பிரான்சை ஆண்ட ஒன்பதாம் லூயி மன்னனுக்கு மத்தியதரைக் கடலில் சொந்தமாக ஒரு துறைமுகம் இருக்கவில்லை. மார்செய் புரோவான்ஸ் பிரபுவின் கையில் இருந்தது. மொன்பெலியே அரகொன் மன்னனின் கையில் இருந்தது. எனவே 1240 இல் ஒரு துறவிமடத்திடமிருந்து இந்தச் சதுப்பு நிலத்தைப் பெற்றுக்கொண்டான். காய்ச்சல் பிடித்த நிலத்துக்கு யார் குடிவருவார்கள்? வரிச்சலுகைகள் தருவதாக 1246 இல் ஒரு சாசனம் எழுதிக் கொடுத்தான். 1248 இல் சிலுவைப் போருக்கு இங்கிருந்துதான் கப்பல் ஏறினான். 1270 இல் மீண்டும் இங்கிருந்தே புறப்பட்டுப் போய் தூனிஸில் நோயால் இறந்தான். நகரத்தின் சதுக்கத்தில் அவனுடைய சிலை நிற்கிறது.

முதற்பயணத்தில் அவனுடைய மனைவி மார்கரெட்டும் கூடப் போனாள். எகிப்தில் மன்னன் எதிரிகளிடம் பிடிபட்டிருந்த நாட்களிலேயே அவள் தமியெத்தா நகரத்தில் பிள்ளை பெற்றாள். நகரத்தைக் கைவிட்டுப் போக இருந்த இத்தாலிய வணிகர்களைப் பிரசவப் படுக்கையில் இருந்துகொண்டே பேசி நிறுத்தினாள். மன்னனை மீட்பதற்குப் பேரம்பேச அந்த நகரம் கையில் இருக்கவேண்டியிருந்தது. பிரசவ விடுதியில் வேலை செய்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: பிள்ளைபெற்ற உடம்போடு அரசியல் பேசுவது இலேசான காரியமல்ல!

லூயிக்குப் பின் அவனுடைய மகன் காலத்தில் மதில் எழத் தொடங்கியது. நீளம் 1634 மீற்றர், 20 கோபுரங்கள், உள்ளே சதுரங்கப் பலகைபோல் நேரான தெருக்கள். எழுநூறு ஆண்டுகள் கடந்தும் மதில் முழுதாக நிற்கிறது. அதற்கு ஒரு வேடிக்கையான காரணமும் உண்டு. கால்வாய்கள் மணல் மூடித் தூர்ந்தன. 1481 இல் மார்செய் பிரான்சோடு சேர்ந்தது. அதன்பின் இந்தத் துறைமுகம் யாருக்கும் தேவைப்படவில்லை. இடித்துப் புதிதாகக் கட்ட எவருக்கும் அவசியம் வரவில்லை.

நம் ஊரின் கதை நேர்மாறானது. நம் துறைமுகம் ஆழம் கூடியது, எல்லோருக்கும் தேவைப்பட்டது. 1622 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். 1672 இல் பிரெஞ்சுக்காரர் வந்து ஒல்லாந்தரால் விரட்டப்பட்டார்கள். 1782 ஓகஸ்ட்டில் சுஃப்ரென் என்ற பிரெஞ்சுத் தளபதி ஆங்கிலேயரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தான். புரோவான்ஸில் பிறந்தவன் அவன். 1795 இல் மறுபடியும் ஆங்கிலேயர். தேவைப்படாத துறைமுகத்தில் கல் தப்பிவிட்டது. தேவைப்பட்ட துறைமுகத்தில் கல் கைமாறிக்கொண்டே இருந்தது.

ஏக்மோர்த் மதிலின் மேல் ஏறி நடக்கலாம். தெற்குப் பக்கம் நின்றால் உப்பளங்கள் இளஞ்சிவப்பாகத் தெரிகின்றன. செறிந்த உப்புநீரில் வளரும் ஒருவகை நுண்பாசிதான் அந்த நிறத்துக்குக் காரணம். அப்பால் வெள்ளை மலைபோல் உப்புக் குவியல்கள். பார்க்க மிக அழகு. ஆனால் அந்த உப்பளத்தில் 1893 ஓகஸ்ட்டில் ஒரு கொடுமை நடந்தது. உப்பு அள்ளக் கூலிக்கு வந்திருந்த இத்தாலியத் தொழிலாளர்களுக்கும் உள்நாட்டுத் தொழிலாளர்களுக்கும் இடையே சண்டை மூண்டது. இத்தாலியர் பிரெஞ்சுக்காரரைக் கொன்றுவிட்டார்கள் என்று ஊருக்குள் வதந்தி பரவியது. கூட்டம் தடியும் கல்லும் எடுத்துக்கொண்டு போய் அவர்களை அடித்துக் கொன்றது. இறந்தவர் 8 பேர் என்றது அரசாங்கக் கணக்கு. மிக அதிகம் என்றன இத்தாலியப் பத்திரிகைகள். குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் நீதிமன்றம் விடுதலை செய்தது. நூற்றாண்டு கடந்தும் எத்தனை பேர் செத்தார்கள் என்ற வாதம் அடங்கவில்லை. பெயர் எழுதிவைக்கப்படாத கூலியாட்கள் இறந்தால் எண்ணிக்கையே வழக்காகிவிடுகிறது. இதை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

இனி, நான் சொல்லவந்த இடத்துக்கு வருகிறேன். மதிலின் ஒரு மூலையில் கொன்ஸ்தான்ஸ் கோபுரம் தனியாக நிற்கிறது. லூயி மன்னன் கட்டியது. வட்ட வடிவம், சுவரின் கனம் 6 மீற்றர். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பெரிய மண்டபங்கள். அம்பு எய்வதற்கு விட்ட ஒடுங்கிய பிளவுகளால்தான் வெளிச்சம் வருகிறது. மாரியில் ஈரமும் பனியும், கோடையில் நுளம்பும் புழுக்கமும்.

1685 இல் பிரெஞ்சு அரசு புரட்டஸ்தாந்து வழிபாட்டைத் தடைசெய்தது. அதற்குப் பின் இந்தக் கோபுரம் சிறையாயிற்று. 1705 இல் ஆண் கைதிகள் சிலர் கயிறுகட்டி இறங்கித் தப்பிவிட்டார்கள். பின்னாளில் இது பெண்களின் சிறையாகவே பேர்பெற்றது. அவர்கள் செய்த குற்றம், காட்டிலும் மேட்டிலும் மறைவாகக் கூடிப் பிரார்த்தனை செய்தது. சிலர் பிள்ளைகளோடு வந்தார்கள். சிலர் இங்கேயே இறந்தார்கள்.

அவர்களுள் ஒருத்தி மாரி டுரான். 1730 இல் பிடிபட்டபோது பத்தொன்பது வயது. அவள் அண்ணன் பியேர் மறைந்து திரிந்த போதகர். அவனைப் பணியவைப்பதற்காகத் தங்கையைப் பிடித்தார்கள். 1732 இல் அவனையும் பிடித்து, மொன்பெலியேயில் தூக்கிலிட்டார்கள். அதற்குப் பின்னும் அவளை விடவில்லை. 'என் மதத்தைத் துறக்கிறேன்' என்று ஒரு சொல் சொன்னால் கதவு திறக்கும். அவள் சொல்லவில்லை. 1768 ஏப்ரலில் வெளியே வந்தாள். 38 ஆண்டுகள்!

மேல் மண்டபத்தின் நடுவே, நிலத்தில் ஒரு வட்டத் துவாரம் இருக்கிறது. அதன் கல் விளிம்பில் ஒரு சொல் கீறப்பட்டிருக்கிறது. இன்று கண்ணாடி போட்டு மூடிக் காக்கிறார்கள். 'எதிர்த்து நில்' என்று பொருள். மாரி டுரான் கீறியது என்பது மரபு. பிரெஞ்சில் அந்தச் சொல் 'ரெஸிஸ்தே'. ஆனால் அவளுடைய ஊர்ப் பேச்சு வழக்கில் எழுதியதால் எழுத்துக் கூட்டல் மாறியிருக்கிறது. ஆங்கிலம் படித்த நம் கண்ணுக்கு அந்த எழுத்துகள் 'ரெஜிஸ்டர்' என்றே தெரியும். ஆம், நம் வகுப்பறை மேசையில் இருந்த இடாப்புத்தான்!

இந்தப் பொருத்தம் தற்செயலானது என்பது தெரியும். ஆனாலும் அந்தக் கோபுரத்தில் இரண்டு பொருளும் ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. ஏனென்றால் மாரி டுரான் கல்லில் கீறியதோடு நிற்கவில்லை. எழுதப்படிக்கத் தெரிந்தவள் என்பதால் மற்றப் பெண்களுக்காகவும் கடிதம் எழுதினாள். ஜெனீவாவுக்கும் அம்ஸ்ரர்டாமுக்கும் எழுதி உதவி கேட்டாள். வந்த உதவிக்கு நன்றி எழுதினாள். சுமார் ஐம்பது கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. உள்ளே இருந்த பெண்களின் பட்டியலையும் எழுதினாள்: பெயர் என்ன, வயது என்ன, எத்தனை ஆண்டாக இருக்கிறாள். சிறைக்குள் அவள் இடாப்பு எழுதினாள். அந்தப் பெண்களை நாம் இன்று பெயர் சொல்லி அறிவதற்கு அந்தத் தாள்கள் பெரிதும் உதவுகின்றன.

இடாப்பின் பெறுமதி என் தொழிலில் எனக்கு நன்றாகத் தெரியும். 1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் பிரசவங்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது சில பத்துகளாகக் குறைந்திருக்கிறது. மருந்தும் சத்திரசிகிச்சையும் காரணம்தான். ஆனால் ஒரு கொப்பியும் காரணம். குடும்பநல மருத்துவமாது தன் பிரிவில் உள்ள ஒவ்வொரு குடும்பத்தையும் பதிவேட்டில் எழுதிவைக்கிறார். கர்ப்பிணி ஒருவர் கிளினிக்குக்கு வராவிட்டால் வீடு தேடிப் போகிறார். ஒரு தாய் இறந்தால், ஏன் இறந்தார் என்று கூட்டம் கூட்டி விசாரிக்கிறோம். ஒரு பெயரும் தவறக்கூடாது என்று எழுதத் தொடங்கிய இடத்தில்தான் மரணம் குறையத் தொடங்கியது.

நம் ஊரின் கற்களில் எந்தப் பெண்ணின் பெயர் இருக்கிறது? சுவாமிமலையில் ஒரு தூண் நிற்கிறது. பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்துப் பெண்ணின் பெயரும் 1687 என்ற ஆண்டும் அதில் உண்டு. காதலன் கப்பலேறிப் போனதால் கடலில் குதித்து இறந்தாள் என்று சிறுவயதில் நமக்குக் கதை சொன்னார்கள். ஒல்லாந்த ஆவணங்களின்படி அவள் அதற்குப் பின்னும் உயிரோடு இருந்து திருமணமும் செய்தாள். கல்லில் பெயர் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இது நல்ல உதாரணம். கூடவே ஒரு தாளும் இருக்கவேண்டும்.

உப்புவெளியில் நிலாவெளி வீதியோரம் யுத்த மயானம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் இறந்த முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே கிடக்கிறார்கள். பெயர் தெரிந்த ஒவ்வொருவருக்கும் பெயரும் திகதியும் பொறித்த கல் உண்டு. புல் வெட்டி, கல் துடைத்துக் காக்க ஓர் ஆணைக்குழுவும் உண்டு. நல்ல காரியம். அந்த வழியால் பஸ்ஸில் பள்ளிக்கூடம் வந்த நம் பிள்ளைகளின் கதை என்ன? 1983, 1987, 1990, 2004, 2006 என்று நான் ஆண்டுகளைச் சொன்னாலே உங்களுக்கு முகங்கள் ஞாபகம் வரும். என் வகுப்பு இடாப்பில் 1990 இல் பல பெயர்களின் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு விழுந்தது. 'விலகியவர்' என்று எழுதியிருந்தது. எங்கே போனார், எப்படிப் போனார் என்று எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை. சிலர் மண்டபம் முகாமில் இருந்தார்கள். சிலர் இன்று ரொறன்ரோவில் பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள். சிலரைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. 2017 இலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரத்தில் படத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கும் தாய்மாரும் இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: என் பிள்ளையின் பெயருக்கு எதிரே என்ன எழுதப்போகிறீர்கள்?

ஆகவே நூற்றாண்டை முன்னிட்டு ஒரு வேண்டுகோள். வாசலில் வளைவு கட்டுவதைப் பற்றிக் காலையில் பேசினீர்கள். கட்டுங்கள், நானும் பங்கு தருவேன். ஆனால் அதற்கு முன் மூன்று வேலைகளைத் தொடங்குவோம்.

முதலாவது, அலுமாரியில் உள்ள பழைய அனுமதி இடாப்புகள் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகப் படம் எடுப்போம். செல்லும் கறையானும் நம் கூட்டத் தீர்மானத்துக்குக் காத்திருக்கப் போவதில்லை. ஒரு பிரதி பாடசாலையில், ஒரு பிரதி சங்கத்தில் இருக்கட்டும். பழைய மலர்களையும் சஞ்சிகைகளையும் நூலகம் இணையத்தளத்துக்குக் கொடுப்போம். இலங்கைத் தமிழ் ஆவணங்களை 2005 இலிருந்து எண்ணிமப்படுத்திச் சேர்த்துவருகிறவர்கள் அவர்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு வகுப்புப் பிரிவிலிருந்தும் இரண்டு பேர் பொறுப்பெடுத்து, கூடப் படித்த எல்லோரையும் தேடுவோம். பரீட்சையில் சித்தியடைந்தவர்கள், வைத்தியர், பொறியியலாளர் என்று நிறுத்திவிடக்கூடாது. எட்டாம் வகுப்போடு நின்றவர், கலியாணம் செய்து போனவர், இயக்கத்துக்குப் போனவர், அலை கொண்டுபோனவர், எல்லோரும் இடாப்பில் இருந்தவர்கள்தான். வாழ்கிறவர்கள் தம்மைப் பற்றி எதைச் சொல்ல விரும்புகிறார்களோ அதை மட்டும் எழுதுவோம். வெளியே தெரியக்கூடாது என்று கேட்பவர்களின் விபரத்தை மூடியே வைப்போம்.

மூன்றாவது, எண்பதும் தொண்ணூறும் கண்ட நம் பெரியக்காமாரின் குரலை இந்த ஆண்டிலேயே பதிவுசெய்வோம். கைத்தொலைபேசி போதும். நினைவு மங்குவது எப்படித் தொடங்கும் என்பதை நாள்தோறும் பார்க்கிறவள் சொல்கிறேன்: அடுத்த வருடம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

கடல்கடந்து வாழும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் ஊரைவிட்டுப் போனபோது கையில் ஒரு சேர்ட்டிபிக்கற் கூட இருக்கவில்லை. நீங்கள் இங்கே படித்தீர்கள் என்பதற்கு இந்த இடாப்புகள்தான் சாட்சி. இந்த மலரின் கடைசிப் பக்கங்களைச் சங்கம் வெறுமையாக விடவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். உங்கள் பெயர், சேர்ந்த ஆண்டு, பக்கத்தில் இருந்த பிள்ளையின் பெயர், இந்த மூன்றையும் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பக்கத்தில் இருந்த பிள்ளையின் பெயரை மறந்துவிடாதீர்கள். அவரைத் தேடுவதற்கு அதுதான் நூல்.