பாடுவோர் அருகே அமர்ந்தவர்கள்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



மேடையில் முன்னே நின்று பாடுபவரை உலகம் அறியும். அவருக்குப் பின்னே பியானோவில் அமர்ந்திருப்பவரின் பெயரை அழைப்பிதழில் சிறிய எழுத்தில் அச்சிடுவார்கள். அந்தச் சிறிய எழுத்துக்குரியவரைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். மேலை நாட்டார் அவரை நெடுங்காலம் பக்கவாத்தியக்காரர் என்றே அழைத்தனர். பிற்காலத்தில் கூட்டிசைப் பியானோக் கலைஞர் என அழைக்கலாயினர். பெயர் மாறியது முகமனுக்காக அன்று. அவர் செய்யும் பணியே அத்தகையது. மரியன் ஆண்டர்சன் அம்மையாரின் வரலாற்றைக் கொண்டு அதனை விளக்குகிறேன்.

1897இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் அம்மையார் பிறந்தார். இசைப்பள்ளி ஒன்றில் சேரச் சென்றபோது, நிறத்தைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். அவருடைய திருச்சபை மக்கள் காசு திரட்டி அவரைப் பயிலச் செய்தார்கள். தொடக்கத்தில் அவருக்குப் பியானோ வாசித்தவர் அதே நகரைச் சேர்ந்த கறுப்பினக் கலைஞர் வில்லியம் கிங். இருவரும் தென் மாநிலங்களின் கறுப்பினக் கல்லூரிகளுக்கும் ஆலயங்களுக்கும் சென்று பாடினார்கள். அங்கே இரயிலில் கறுப்பருக்கெனப் பிரித்து ஒதுக்கிய பெட்டியில்தான் அந்நாளில் பயணம் செய்யவேண்டியிருந்தது.

1930களில் அம்மையார் ஐரோப்பா சென்றபோது, பின்லாந்து நாட்டின் கோஸ்டி வெஹானன் அவருடைய பியானோக் கலைஞரானார். வடநாட்டுப் பாடல்களைக் கற்பித்தார். பெரும் இசைமேதை சிபேலியசின் இல்லத்திற்கும் அழைத்துச் சென்றார். 1935இல் தாயகம் திரும்பும் வேளையில் ஒரு சிக்கல் எழுந்தது. கறுப்பினப் பெண்ணுக்கு வெள்ளையர் வாசித்தால் தென் மாநிலங்களில் தொல்லை நேரும் என்றனர் சிலர். பழைய தோழர் கிங் ஒருபுறம். பல ஆண்டு உடனுழைத்த வெஹானன் மறுபுறம். அந்தத் தயக்கத்தை அம்மையார் 1956இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். முடிவில் வெஹானனையே அழைத்து வந்தார். இசை எங்கே செம்மையாக அமையுமோ அதையே அவர் அளவுகோலாகக் கொண்டார்.

அப்படி என்ன பெரிய பணி அது எனக் கேட்பீர்கள். சூபர்ட் என்னும் மேதை 1815இல், பதினெட்டாம் வயதில் இயற்றிய ‘ஏர்ல்கோனிக்’ என்னும் பாடலை எடுத்துக்கொள்வோம். நோயுற்ற மகனை அணைத்துக்கொண்டு, தந்தை இரவில் குதிரையில் விரைகிறார். கதை சொல்பவர், தந்தை, மகன், மகனைக் கவர வரும் மாயவேந்தன் என நான்கு குரல்களும் ஒரே பாடகரின் பொறுப்பு. குதிரையின் ஓட்டமோ பியானோவின் பொறுப்பு. வலக்கை ஒரே சுரத்தை மூன்று மூன்றாக இடைவிடாது அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். கை சோர்ந்தால் குதிரை நின்றுவிடும். கை ஓங்கினால் மகனின் குரல் மறைந்துவிடும்.

அம்மையாருடையது தாழ்ந்த குரல். அக்குரலுக்கேற்ப அடிப்படைச் சுருதியை இறக்கிப் பியானோக் கலைஞர் வாசிக்கவேண்டும். அம்மையார் கண்களை மூடிக்கொண்டு பாடுவது வழக்கம். ஆகவே கண்சாடையும் கிடையாது. அவர் மூச்செடுப்பதை உணர்ந்தே கை விசைகளில் இறங்கவேண்டும்.

வயலினோடு சேரும்போது பொறுப்பு இன்னும் மிகுதி. பேத்தோவன் இயற்றிய பத்து வயலின் சொனாட்டாக்களிலும் பியானோ வெறும் துணையன்று, சரிபாதி. ஒருவர் சொன்னதை மற்றவர் வாங்கி மறுமொழி சொல்லவேண்டும்.

1939இல் வாசிங்டன் நகரின் கான்ஸ்டிடியூஷன் மண்டபத்தை, அதன் உரிமையாளரான ‘அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்’ சங்கம் அம்மையாருக்குத் தர மறுத்தது. குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூசவெல்ட் அச்சங்கத்திலிருந்து விலகினார். ஏப்ரல் 9, உயிர்ப்பு ஞாயிறன்று, லிங்கன் நினைவகத்தின் முன்னே, திறந்த வெளியில், ஏறத்தாழ 75,000 மக்கள் கூடினர். அம்மையார் பாடினார், அவருக்குத் துணையாகப் பியானோவில் அமர்ந்தவர் வெஹானன். அன்று ஒரு கூட்டத்தையே கண்டு குரல் நடுங்கினாலும், சுருதி பிறழாமல் பற்றிக்கொள்ள அருகில் ஒருவர் இருந்தார். அந்த ஒருவரின் அருமையை எண்ணிப் பாருங்கள்.

வெஹானனுக்குப்பின் வந்தவர் பிரான்ஸ் ரூப். கிரைஸ்லர் என்னும் வயலின் மேதையோடு அப்பத்து சொனாட்டாக்களையும் இசைத்தட்டில் பதித்தவர். நாசி ஆட்சியிலிருந்து தப்பி, 1938இல் ஜெர்மனியைவிட்டு வெளியேறியவர். ஒதுக்கப்பட்ட அம்மையாரும் நாடிழந்த ரூப்பும் கால் நூற்றாண்டு ஒரே மேடையில் நின்றனர். 1957இல் அம்மையாரின் ஆசியப் பயணத்தில் இந்தியாவிற்கும் வந்தனர். 1965 ஏப்ரலில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் அம்மையார் விடைபெற்றபோதும் ரூப்பே உடனிருந்தார்.

இளைஞர்களே, நம்மில் முதலில் படித்து முன்னே நிற்பவர் சிலர். அவருக்குச் சுருதி பிடித்துத் தருபவர் பலர். முன்னிற்பவர், தம் குரல் எவர் விரல்மேல் நிற்கிறது என்பதை மறவாதிருக்கட்டும். அருகில் அமர்பவர், தம் இடத்தைத் தாழ்ந்ததென எண்ணாதிருக்கட்டும். தாழ்ந்த இடமெனில், அங்கே இத்துணைக் கல்வியும் பயிற்சியும் எதற்கு? பிறர் மூச்சைக் கேட்கத் தெரிவதும் ஒரு கல்வியே. ஆண்டுக்கணக்கில் பயின்றாலன்றி அது வாய்க்காது.