அவசரப் பிரிவில் வரிசை கிடையாது
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் டாக்டர் இல்லைங்க. அம்மாவை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போய் வந்த அனுபவத்தைச் சொல்லும்படி செயலாளர் கேட்டார்.

ஒரு ராத்திரி அம்மாவுக்கு நெஞ்சைக் கரித்தது. ஓமத்தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை. காரில் ஏற்றிக்கொண்டு ஒரு மருத்துவமனைக்குப் போனேன். “என்ன தொந்தரவு?” என்று கேட்டார்கள். “கேஸ் பிராப்ளம்” என்றேன். உட்காரச் சொன்னார்கள். நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். பின்னால் வந்தவர்களை முன்னால் கூட்டிப்போனதும் எனக்குக் கோபம் வந்து சத்தம் போட்டேன். அந்தப் பக்கம் வந்த நர்ஸ் ஒருவர் அம்மாவின் முகத்தைப் பார்த்து, “எவ்வளவு நேரமா இப்படி வேர்க்குது?” என்றார். உடனே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்பு.

அம்மா பிழைத்துவிட்டார். இதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

நெஞ்சுவலியோடு வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. அங்கே இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் நோய்க்குப் பெயர் வைத்தது நான்தானே? வேர்த்ததையும் சொல்லவில்லை, சர்க்கரை இருப்பதையும் சொல்லவில்லை.

அவசரப் பிரிவு ரேஷன் கடை வரிசை அல்ல. யார் முதலில் வந்தார் என்பதைவிட, யார் உயிருக்கு ஆபத்து அதிகம் என்றுதான் பார்ப்பார்கள். நம் அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பது இதற்காகத்தான். பச்சையில் இருப்பவர் காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் நாம் சொல்வது தவறினால் சிவப்பில் இருக்க வேண்டியவரும் காத்திருப்பார்.

அதனால் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள்; கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். எப்போது ஆரம்பித்தது, வேர்த்ததா, மூச்சு வாங்குகிறதா, வாய் கோணியதா, பேச்சு குழறியதா என்று சொல்லுங்கள். பக்கவாதத்தில் ஆரம்பித்த நேரம் மிக முக்கியம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். காத்திருக்கும்போது நிலைமை மோசமானால், சண்டை போடாமல் “இப்போது இப்படி மாறியிருக்கிறது” என்று போய்ச் சொல்லுங்கள். திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை.

விபத்து என்றால் போலீஸ் வரட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. அரசு, தனியார் எதுவானாலும் உயிர் காக்கும் சிகிச்சை முதலில் என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரத்துக்கு, நிர்ணயித்த தொகை வரை இலவச சிகிச்சையும் உண்டு.

பனமரத்துப்பட்டியிலிருந்து சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். நெஞ்சுவலிக்காரரைக் காரில் வைத்து ஓட்டாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டியிலேயே முதலுதவி தொடங்கிவிடும்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். வீட்டுப் பெரியவர்களின் நோய், மாத்திரை, ஒவ்வாமை விவரங்களை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டுங்கள். கேட்டுக்கும் லிஃப்டுக்கும் நடுவில் வண்டி நிறுத்தாதீர்கள். ஆம்புலன்ஸ் உள்ளே வர வேண்டும்.