அடுத்த மேசைப் பேச்சு



சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவியின் கீழ் நிற்பவருக்குப் பக்கத்து ஆள் காதருகே கத்தினால்தான் பேச்சு புரியும். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளியுள்ள ஓர் அலுவலகக் கூடத்தில் நிலைமை நேர்மாறு. நாலு மேசைக்கு அப்பால் ஒருவர் தணிந்த குரலில் செல்பேசியில் பேசினாலும் சொல் சொல்லாக வந்து விழும். அருவியின் முழக்கம் அதைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால், கூட்டல் போடுபவரை நடுவில் தவறவிடச் செய்வது அந்தத் தணிந்த குரல்தான்.

தென்காசி வட்டாரத்தில் இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. சோஹோ நிறுவனம் 2011-ல் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானது. மென்பொருள் எழுதுவோர், வாடிக்கையாளரின் அழைப்பை ஏற்போர், கோப்பு பார்ப்போர் என்று மூளை உழைப்பையே நம்பியிருப்போர் இங்கே பலர். தோப்பும் வயலும் சூழ்ந்த இடத்தில் நகரத்துச் சாலை இரைச்சல் இல்லை. அது பெரும் பேறு. ஆனால், வெளியே அமைதி கூடக் கூட, உள்ளே பேசுவது இன்னும் தெளிவாகக் கேட்கும். கிராமப்புற அலுவலகம் அமைப்போர் பலரும் எண்ணிப் பார்க்காத சிக்கல் இது.

1976-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கோல், வெல்ஷ் இருவரும் மாணவர்களுக்கு எழுத்துகளைத் திரையில் காட்டி, வரிசை மாறாமல் திருப்பிச் சொல்லச் செய்தனர். பின்னணியில் ஒரு குரல் ஜெர்மன் மொழியில் வாசித்துக்கொண்டிருந்தது. மாணவர்களுக்கு ஜெர்மன் தெரியாது. இருந்தும் பிழைகள் கூடின. தொடர்ந்து சலாமே, பேட்லி இருவரும் செய்த சோதனைகளில், மாறுதலில்லாத இரைச்சல் பேச்சைப் போல நினைவைக் குலைக்கவில்லை. ஏறி இறங்கி, நொடிக்கு நொடி உருமாறும் ஒலியைக் காது விடாமல் பின்தொடர்கிறது. மனத்தில் அடுக்கிய வரிசை அதனால் கலைகிறது என்பது டிலன் ஜோன்ஸ் குழுவினர் தந்த விளக்கம். படிப்பது, எழுதுவது போன்ற வேலைகளிலோ, புரிகிற பேச்சு கூடுதலாகக் குறுக்கிடுகிறது.

செல்பேசிப் பேச்சு அதிலும் மோசம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் லாரன் எம்பர்சன் குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வில், உரையாடலின் ஒரு பாதியை மட்டும் கேட்டவர்கள் முழு உரையாடலையும் கேட்டவர்களைவிட அதிகம் தடுமாறினர். எதிர்முனையின் பதிலை மனம் தானாக ஊகிக்க முனைகிறது.

ஆகவே டெசிபல் அளவை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வணிகப் பகுதிக்குப் பகலில் 65 டெசிபல், குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. அந்த வரம்புக்கு வெகு கீழே இருக்கும் அறையிலும் கவனம் சிதறும். அளக்க வேண்டியது பேச்சின் தெளிவை. அதற்கு 0 முதல் 1 வரை ஓர் அளவுகோல் உண்டு. பின்லாந்தின் வால்தெரி ஹோங்கிஸ்தோ 2005-ல் முன்வைத்த கணக்குப்படி, தெளிவு ஏறத்தாழ 0.2-ஐத் தாண்டும்போது வேலைத்திறன் சரியத் தொடங்கி, 0.6-ஐ எட்டும்போது பெரும்பாலான இழப்பு நேர்ந்துவிடுகிறது. 2012-ல் வந்த ஐஎஸ்ஓ 3382-3 தரநிலை, பேசுபவரிடமிருந்து எத்தனை மீட்டரில் தெளிவு 0.5-க்குக் கீழே இறங்குகிறது என்று அளக்கச் சொல்கிறது. அந்த 2012 பதிப்பின்படி, 5 மீட்டருக்குள் இறங்கினால் நல்ல கூடம். 10 மீட்டரைத் தாண்டினால் மோசமானது.

நம் பக்கத்துக் கட்டடங்களில் டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், காங்கிரீட் கூரை, கண்ணாடித் தடுப்பு எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. முதல் வைத்தியம் கூரையில்தான் தொடங்க வேண்டும்: ஒலியை உறிஞ்சும் பலகைகள். அடுத்து, மேசைகளுக்கு இடையே போதிய உயரத்தில் தடுப்புகள், செல்பேசிக்கும் கூட்டத்துக்கும் கதவுள்ள தனி அறைகள். தென்னை நாருக்கு ஒலியை உறிஞ்சும் தன்மை உண்டு. தென்னை செழித்த இம்மாவட்டத்தில் அதைக் கொண்டு பலகை செய்து சோதிப்பது நல்ல ஆய்வுப் பொருள்.

அருவியும் இதில் வழிகாட்டுகிறது. 2011-ல் அன்னு ஹாபகங்காஸ் குழு ஆய்வகத்தில், பேச்சை மூடி மறைக்கும் ஐந்து பின்னணி ஒலிகளை, அதாவது மறைப்பொலிகளை, ஒப்பிட்டபோது ஊற்றுநீரின் ஓசை முன்னணியில் நின்றது. பின்னர் உண்மையான அலுவலகத்தில் நெடுநாள் சோதித்தபோது, நீரோசை வழக்கமான மெல்லிரைச்சலைவிட மேலானதாகத் தெரியவில்லை. எதுவானாலும் 45 டெசிபலுக்குள் இருந்தால்தான் மறைப்பொலி பயன்படும். மிஞ்சினால் அதுவே தொல்லை. கூரையையும் தடுப்பையும் சரிசெய்யாமல் ஒலிபெருக்கி மாட்டுவது வீண்செலவு.

ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இச்சோதனைகளைத் தமிழ்ப் பேச்சைக் கொண்டு, மின்விசிறி சுழலும் நம் அறைகளில் செய்து, முடிவுகளைத் தமிழில் வெளியிடுங்கள். நிர்வாகிகளுக்கும் ஒன்று: கவனம் சிதறும் ஊழியரைக் குறை சொல்லும் முன், அவர் அமர்ந்திருக்கும் கூடத்தை அளந்து பாருங்கள்.