வளைந்த விரல்களால் ஒரு லட்சம் அறுவை சிகிச்சை
(அக்டோபர் 1, முதியோர் தினக் கூட்டத்தில் பேசியது)



இன்று உலக முதியோர் தினம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி பிறந்த நாளும் இதுதான். மதுரைக்குப் போய் கண்புரை எடுத்துக்கொண்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே நாலைந்து பேராவது இருப்பீர்கள். அவரைப் பெரிய டாக்டராகத்தான் நமக்குத் தெரியும். அவர் வாழ்நாளில் பெரும்பகுதி மாற்றுத்திறனாளியாக இருந்தவர் என்பதைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

1918-இல் எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரம் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். உறவுப் பெண்கள் மூன்று பேர் பிரசவத்தில் இறந்துபோனார்கள். அதனால் பிரசவ மருத்துவராக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. சென்னை ஸ்டான்லியில் படித்தார், ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். முப்பது வயதுகூட முழுதாக ஆகாத நிலையில் முடக்குவாதம் வந்தது. 1948-இல் ராணுவம் அனுப்பிவிட்டது. மாதக்கணக்கில் படுக்கை. எழுந்து நிற்கவும் பேனா பிடிக்கவும் முடியவில்லை. விரல்கள் கோணிப்போய், கடைசி வரை அப்படியே இருந்தன.

அந்தக் கையை வைத்துக்கொண்டு பிரசவம் பார்க்க முடியாது. சரி என்று கண் மருத்துவத்துக்கு மாறினார். அதுவும் நுணுக்கமான வேலைதான், நமக்கு நல்ல விரல் இருந்தே ஊசியில் நூல் கோக்கத் தடுமாறுகிறோம்! தன் விரல் வளைந்த வாக்கிலேயே கத்தியைப் பிடிக்கப் பழகினார். அவர் கையால் செய்த கண் அறுவை சிகிச்சைகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

மதுரை அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். பெல்லில் ஓய்வு பெற்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அந்த வயதை நினைத்துப் பாருங்கள். பணம் கொடுக்கிறவர்களிடம் வாங்கி, முடியாதவர்களுக்கு இலவசமாகப் பார்த்தார்கள். வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகாததால் 1992-இல் ஆரோலேப் தொடங்கி அதையும் மதுரையிலேயே செய்தார்கள். 2006 ஜூலை 7-இல், 87 வயதில் காலமானார்.

அவர் விரல் குணமாகவே இல்லை. கத்தியைப் பிடிக்கும் விதம்தான் மாறியது. எனக்கு அவரிடம் பிடித்த விஷயம் இதுதான். "அவருக்கு மன உறுதி அதிகம்" என்று சொல்லி முடித்துவிடுவது நமக்குச் சுலபம். எந்தச் செலவும் இல்லை.

நம் இரண்டாவது பிளாக் லிஃப்டின் கிரில் கதவை இழுக்க முடியாமல், யாராவது வரட்டும் என்று காத்து நிற்கும் பெரியவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மொட்டை மாடிக் கதவின் உருண்டைக் குமிழையும், பொதுக் கழிப்பறையில் திருகு குழாயையும் மூட்டுவலி உள்ள கையால் திருப்ப முடியாது. கீழே அழுத்தினால் திறக்கும் நீளக் கைப்பிடியும், லீவர் குழாயும் போதும். முழங்கையாலேயே திறக்கலாம். வாசலில் மூன்று படி இருக்கிறது. சாய்தளம் போட்டால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அதற்கு இரண்டு பைக் நிறுத்தும் இடம் போகும். போகட்டும் என்பது என் கருத்து. மறுப்பவர்களும் இருக்கிறீர்கள், தெரியும்.

வரும் பொதுக்குழுவில் இது தீர்மானமாக வருகிறது. கார்ப்பஸ் நிதியிலிருந்து எடுப்பதா, வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பதா என்பதை அன்றைக்குப் பேசுவோம். இந்த ஹால் கதவில் மாதிரிக்கு ஒரு லீவர் கைப்பிடி மாட்டியிருக்கிறது. வெளியே போகும்போது விரலை மடக்கிக்கொண்டு திறந்து பாருங்கள்.