அந்த எண்ணை நம்பலாமா?

(கோலா சுங்கை பாரு வட்டாரத் தோட்ட மக்கள் கூட்டத்தில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விஞ்ஞானச் செய்தி ஒன்று வானொலியிலோ நாளிதழிலோ வெளிவந்தவுடன் நம் மக்கள் அதைப் பற்றி என்ன பேசிக்கொள்கின்றனர் என்று கேட்டறிவது என் பணியின் ஒரு பகுதி. தேநீர்க் கடையிலும் கோயில் வாசலிலும் காதில் விழும் சொற்கள் பெரும்பாலும் ஒரே வகையினவாக இருக்கின்றன. "அவன் சொல்வான், நாம் நம்ப வேண்டுமா?" என்பார் ஒருவர். "நேற்று ஒன்று சொன்னான், இன்று வேறொன்று சொல்கிறான்" என்பார் மற்றொருவர். "எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது? நாங்கள் வாழவில்லையா?" என்று ஒரு பாட்டி பேச்சை முடித்து வைப்பார். படித்தவர்கள் இச்சொற்களை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். நான் அவ்வாறு ஒதுக்க விரும்பவில்லை. இவற்றுள் சில மிக நல்ல கேள்விகள். கேட்டவர்கள் விடைக்குக் காத்திராமல் எழுந்து போய்விடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

இன்று புகைமூட்டத்தை எடுத்துக்கொள்வோம். இக்கடற்கரையில் வாழும் உங்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நீரிணையின் அக்கரையில் இருப்பது சுமத்ராவின் ரியாவ் மாநிலம். நமக்கு வடக்கேயுள்ள தஞ்சோங் துவான் முனைக்கும் ரூப்பாட் தீவுக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவுதான். ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தேன்பருந்துகள் அந்நீரைக் கடந்து இக்கரை சேர்கின்றன. பருந்து கடக்கும் தொலைவைக் காற்றில் ஏறிய புகை கடப்பதில் வியப்பில்லை.

"யாரோ காட்டைக் கொளுத்தினால் இவ்வளவு புகை வருமா?" என்று கேட்போர் உண்டு. சாதாரணக் காடாயின் வராது. அங்கே எரிவது மண். இலையும் வேரும் மரமும் பல்லாயிரம் ஆண்டுகளாக நீரில் ஊறி, முற்றிலும் மக்காமல் படிந்த மண்ணை மலாய்மொழியில் 'தானா காம்புட்' என்பர். பயிர் செய்வதற்காகக் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் அம்மண் காய்ந்த விறகாகிவிடுகிறது. மேலே வைத்த தீ நிலத்திற்குள் இறங்கி வாரக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். சிறுமழை பெய்தாலும் அணையாது. அக்கரைத் தோட்டங்களில் நம் நாட்டாரின் முதலீடும் உண்டு என்பதை இங்கே கூறாமல் விட்டால் நீங்களே அதைக் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும்.

இனி எண்ணுக்கு வருவோம். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 50 வரை நன்று. 100 வரை மிதம். 101 முதல் 200 வரை உடல்நலத்திற்குக் கேடு. 300 வரை பெருங்கேடு. அதற்கு மேல் அபாயம். இதை வானொலி அறிவிக்கும்போது எழும் ஐயம் எனக்குத் தெரியும். "கண் எரிகிறது, செம்பனை வரிசையின் மறுகோடி தெரியவில்லை. இவர்களோ 'மிதம்' என்கிறார்கள். யாரை ஏமாற்றுகிறார்கள்?"

கண்ணும் பொய் சொல்லவில்லை, கருவியும் பொய் சொல்லவில்லை. புகை நாள்களில் அக்குறியீட்டை நிர்ணயிப்பது நுண்தூசியின் அளவு. அது கடந்த 24 மணி நேரத்தின் சராசரியாகக் கணக்கிடப்படுகிறது. விடியற்காலை ஐந்து மணிக்குப் புகை வந்து இறங்கினால், ஏழு மணிக்குக் கேட்கும் எண்ணில் முந்திய நாளின் தூய காற்றும் கலந்தே இருக்கும். பால்மரம் வெட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மாதச் சராசரியைப் பார்த்துவிட்டு, இன்று காலை எத்தனை கிலோ பால் இறங்கியது என்று யாராலும் கூற முடியாது. மழை பெய்து வானம் தெளிந்த பின்பும் அந்த எண் சில மணி நேரம் இறங்காமல் நிற்பதற்கும் இதுவே காரணம். மேலும் அளக்கும் நிலையம் உங்கள் லயத்து வாசலில் இல்லை. நம் மாநிலத்தில் அலோர் காஜாவிலும் புக்கிட் ரம்பாயிலும் மலாக்கா நகரிலும் நிலையங்கள் உள்ளன. கடலோரத்தில் முதலில் இறங்கும் புகை அங்கே சற்றுப் பிந்திச் சேரலாம்.

எனினும் மக்களின் ஐயத்திற்கு வேறொரு காரணமும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1997-இல் சரவாக்கில் அக்குறியீடு 800-ஐத் தாண்டி, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அந்தப் புகைமூட்டத்திற்குப் பின்னர்ப் பல ஆண்டுகள் இந்த எண்கள் பொதுமக்களுக்கு வெளியிடப்படவில்லை. சுற்றுப்பயணிகள் அஞ்சிவிடுவார்கள் என்பது அன்று கூறப்பட்ட காரணம். 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலா சிலாங்கூரிலும் 500-ஐக் கடந்து அவசரநிலை வந்தபோதுதான் எண்கள் மீண்டும் வெளிவரத் தொடங்கின. எண்ணை மறைத்தால் புகை மறைவதில்லை. பின்னாளில் உண்மையான எண்ணைச் சொன்னாலும் நம்ப ஆளில்லாமல் போகிறது. செய்தி சொல்லும் பணியில் இருப்பவன் என்ற முறையில் இதனை நான் அழுத்தமாகவே கூறுகிறேன்.

மற்றொன்று. சிங்கப்பூரின் எண் கூடுதலாகவும் நம்முடையது குறைவாகவும் இருக்கக் கண்டு முணுமுணுத்தவர்கள் இங்கே பலர். அவர்கள் கண்டது சரி. 2018-க்கு முன்னர் நம் குறியீடு, தூசியைப் பொறுத்தவரை, 10 மைக்ரோன் வரையிலான துகள்களையே கணக்கில் கொண்டது. நுரையீரலின் ஆழத்தை எட்டும் 2.5 மைக்ரோன் துகள்கள் தலைமுடியின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. சிங்கப்பூர் அவற்றை 2014-இலேயே தன் குறியீட்டில் சேர்த்துவிட்டது. நாம் 2018-இல் சேர்த்தோம். ஐயப்பட்டவர்களின் கேள்விக்கு விடை இருந்தது. முணுமுணுப்போடு நின்றதால் அவ்விடை அவர்களை வந்தடையவில்லை.

நம் அண்டையிலுள்ள மூவாரில் 2013 ஜூன் 23 அன்று குறியீடு 746-ஐத் தொட்டதைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய நாளில் எவரும் எண்ணை ஐயுறுவதில்லை. 120, 150 என்று இருக்கும் நாள்களில்தான் நம்மவர் "இதுவும் ஒரு புகையா?" என்று வேலைக்குச் செல்கின்றனர். பள்ளிகளுக்கு வரையறை உண்டு: 100-ஐத் தாண்டினால் திடல் நடவடிக்கை இல்லை, 200-ஐத் தாண்டினால் பள்ளியை மூடலாம். திடலில் ஓடக்கூடாது என்று பிள்ளைக்கு விதி இருக்கும் அதே காலையில், தந்தை நீண்ட கழியைத் தூக்கிக் குலை வெட்டிக்கொண்டிருக்கிறார். பிள்ளையைக் காட்டிலும் அவர் அதிகமாக மூச்சிழுக்கிறார். குலைக்கணக்கில் கூலி பெறுபவருக்கு ஓய்வென்பது பணம் என்பதையும் நான் அறிவேன். ஆகவேதான் எண்ணைத் தெரிந்துகொண்டு மண்டோரிடமும் நிர்வாகத்திடமும் பேச வேண்டுமென்கிறேன். "புகை அதிகம்" என்றால் சிரிப்பார்கள். "இன்று 160" என்றால் விடை சொல்லியாக வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு பெருந்தூசியைத்தான் தடுக்கும். நுண்தூசியைத் தடுக்க என்95 வகை முகமூடி வேண்டும்.

தோட்டத்து மக்களின் கண் விஞ்ஞானத்திற்கு முன்பே உண்மையைக் கண்டதுண்டா? உண்டு. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் 1897-இல் இந்தியாவில் கண்டறிந்தார். 1901-இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பை வடித்துக் காட்டை வெட்டிக் காய்ச்சலைக் குறைத்தார். அதே முறையைக் குன்றுப்புறத் தோட்டங்களில் கையாண்டபோது காய்ச்சல் குறையவில்லை, மிகுந்தது. நிழல் நீரில் வளரும் கொசு ஒன்று. வெயில் படும் ஓடையில் வளரும் கொசு வேறொன்று. காட்டை வெட்டியதால் இரண்டாவது கொசுவுக்கு வசதி கூடிவிட்டது. வாட்சன் தம் முறையையே மாற்றினார். குன்றோடைகளை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தவும் நீரில் எண்ணெய் தெளிக்கவும் வழி செய்தார். "நேற்று ஒன்று, இன்று ஒன்று" என்று நாம் ஏளனம் செய்வது சில வேளைகளில் இத்தகைய திருத்தத்தைத்தான்.

அடுத்தது 'மருந்து'. களைக்கொல்லியை நாம் மருந்து என்றே அழைத்துப் பழகிவிட்டோம். "மருந்தடிக்கப் போகிறேன்" என்கிறோம். நஞ்சுக்கு இப்பெயரை யார் இட்டாரோ, அவர் நமக்கு நன்மை செய்யவில்லை. பராகுவாட் தெளித்த பெண்கள் நகம் கெட்டுப்போவதையும் மூக்கில் இரத்தம் வருவதையும் கண்டனர். முறையாகப் பயன்படுத்தினால் தீங்கில்லை என்று விற்றவர்கள் கூறினர். 2002-இல் தெனாகனித்தா அமைப்பு தோட்டப் பெண்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அவ்வாண்டே அரசாங்கம் தடை அறிவித்தது. 2006-இல் தடை தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரி 1 முதல் முழுத்தடை நடப்புக்கு வந்தது. அப்பெண்களின் ஐயம் எழுத்தில் ஏறிய பிறகே அதற்கு எடை வந்தது என்பதைக் கவனியுங்கள். பழைய கொட்டகையில் மிச்சப் போத்தல் கிடந்தால் தொடாதீர்கள். உள்ளே போனால் அதை முறிக்கும் மருந்து கிடையாது.

"கொசுவை ஒழி என்றவர்களே கொசுவைப் பறக்க விடுகிறார்களாமே!" என்று ஓர் அன்பர் சற்றுமுன் கேட்டார். கூட்டம் சிரித்தது. கேள்வி நியாயமானது. 2010 டிசம்பரில் பெந்தோங் அருகே மரபணு மாற்றிய ஆண் கொசுக்கள் ஏறத்தாழ 6,000 பறக்கவிடப்பட்டன. மக்களுக்கு அச்செய்தி அடுத்த மாதமே தெரியவந்தது. கண்டனம் எழுந்ததில் வியப்பில்லை. பின்னர், 2017 முதல், 'வொல்பாக்கியா' என்னும் பாக்டீரியா புகுத்திய கொசுக்களைச் சிலாங்கூரிலும் தலைநகரிலும் விட்டபோது வீடுவீடாகச் சென்று விளக்கம் கூறினர். அப்பாக்டீரியா டிங்கி கிருமியைக் கொசுவின் உடலில் பெருக விடாது. அவ்விடங்களில் டிங்கி ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததாக ஆய்வாளர்கள் வெளியிட்டனர். மீதி 60 விழுக்காடு இருக்கிறது. ஆதலால் வாளியைக் கவிழ்த்து வைக்கும் வேலையிலிருந்து நமக்கு விடுதலை இல்லை.

புகைக்கே திரும்பி ஒரு வேலையைச் சொல்லிவிட்டு அமர்கிறேன். வீட்டு வாசலிலிருந்து தெரியும் மூன்று பொருள்களைத் தேர்ந்துகொள்ளுங்கள்: அருகில் ஒரு மரம், சற்றுத் தொலைவில் கோயில் கோபுரமோ நீர்த்தொட்டியோ, வெகு தொலைவில் நீரிணையில் செல்லும் கப்பல். நாள்தோறும் காலை ஏழு மணிக்கு எவை தெரிகின்றன, எவை தெரியவில்லை என்று குறியுங்கள். பக்கத்தில் ஏழு மணிக்குரிய அலோர் காஜா எண்ணையும், மாலை ஏழு மணிக்குரிய எண்ணையும் எழுதுங்கள். வீட்டில் எவருக்கு இருமல், எவருக்கு மூச்சிளைப்பு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எண்ணைக் கைப்பேசியில் பார்த்துச் சொல்லப் பிள்ளைகள் இருக்கிறார்கள். காலையில் கோபுரம் மறைந்த நாள்களில் மாலை எண் ஏறியதா இல்லையா என்பதை உங்கள் கையெழுத்தே காட்டும். ஏறவில்லையென்றால் அக்குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு சுற்றுச்சூழல் இலாகாவிடம் காரணம் கேட்கலாம். மூச்சிளைப்புள்ளவரை மருந்தகத்திற்கு அழைத்துச் செல்லும்போதும் அதையே டாக்டரிடம் காட்டலாம். தென்மேற்குப் பருவக்காற்று மே மாத இறுதியில் தொடங்குகிறது. அதற்குள் ஒரு கோட்டுத்தாள் குறிப்பேடும் ஒரு பென்சிலும் வாங்கி வாசற்கதவருகே தொங்கவிட்டுவிடுங்கள்.