மூன்றாவது முறை



கொழும்பில் வேலை செய்யும் பெண்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நாங்கள் வட்டக்கச்சியைச் சேர்ந்த மூன்று பேர். எங்கள் கணக்கையே சொல்கிறோம்.

2009 தையில் இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்களை விட்டு, தருமபுரம், விசுவமடு என்று நடந்தோம். பிறகு மெனிக்பாம். 2010இல் இந்தப் பாடசாலை விடுதி எங்களை ஏற்றபோது மூவருக்கும் சேர்த்து ஒரு கணிதப் பெட்டிதான் இருந்தது. கிளிநொச்சிக்கு ரயில் திரும்பி வந்த 2013இன் கடைசியில் கொழும்புக்குப் போனோம்.

வெள்ளவத்தையில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது, அடுத்த மாடியின் சுவர்தான். வீட்டுக்குக் காசு அனுப்பினால் மாதக் கடைசியில் பாணும் சம்பலும். மூவருக்கும் மேலே படிக்க ஆசை. மூவரும் ஒரே நேரத்தில் படித்தால் வாடகையை யார் கட்டுவது? ஊரில் அம்மாமார் பிடிக்கும் சீட்டைப் போல, ஒருத்தி படிக்கும்போது அவளின் வாடகையையும் சமையலையும் மற்ற இருவரும் பார்ப்பது என்று துண்டு எழுதிக் குலுக்கினோம்.

முதல் முறை பட்டயக் கணக்கியலுக்குப் போனது. இரண்டாவது, நாவலையில் திறந்த பல்கலைக்கழகத்துக்கு. மூன்றாமவளுக்குச் சட்டம் படிக்க விருப்பம். எங்கள் ஊர்க் காணிகள் 1950களின் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்தவை. இடப்பெயர்வில் பேர்மிட்டைத் தொலைத்தவர்களுக்கு முகாமிலேயே கடிதம் எழுதிக் கொடுத்தவள் அவள்.

அவளின் முறை 2020இல் வந்தது. பங்குனியில் ஊரடங்கு. பிறகு ஒருத்திக்குக் கலியாணம். 2022இல் மின்வெட்டு, காஸ் வரிசை, விலையேற்றம். சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் முதல் இருவருக்கும் தடைகள் வரவில்லையா? அப்போது அவள் தன் வேலை நேரத்தை மாற்றினாள். சோதனைக்கு முதல் நாள் காய்ச்சலோடு போய் இடியப்பம் வாங்கி வந்தாள்.

இனி நாங்கள் என்றால் மற்ற இருவர்தான். எங்களுக்குப் பதவி உயர்வு வந்த பிறகு, "அவளுக்கு இப்ப படிப்பில அவ்வளவு விருப்பமில்லை" என்று நாங்களே சொல்லத் தொடங்கினோம். அவள் ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை.

போன மாரியில் வட்டக்கச்சிக்குப் போனபோது, வாய்க்கால் கட்டில் இருந்து கேட்டாள்: "என்ரை முறை இன்னும் இருக்கோ?"

எங்களுக்குப் பேச்சு வரவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்போம்.

கொழும்புக்கு வரப்போகும் தங்கச்சிமார் இப்படிச் சீட்டுப் பிடித்தால் திகதியையும் எழுதி வையுங்கள். நாங்கள் முறையை மட்டும்தான் எழுதினோம்.

இந்த வருடம் அவள் சட்டத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். கட்டணத்தையும் அறை வாடகையையும் நாங்கள் இருவரும் பிரித்திருக்கிறோம். இப்போது இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். பெயர் சொல்லக் கூடாது என்பது அவளின் கட்டளை. இவ்வளவையும் சொல்லப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது.