புது வெளியீடு வந்தால் யாருக்குச் சொல்வது?
(ஆண்டு சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

பத்து நிமிஷம்தான் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாப்பாட்டு வாசனை எனக்கும் வருகிறது.

நாம் எழுதும் மென்பொருள் எதுவும் முழுக்க நம்முடையது அல்ல. பிறர் எழுதிய எத்தனையோ நூலகங்களின் மேல்தான் அது நிற்கிறது. அவற்றில் புது வெளியீடு வந்தால் நமக்குத் தெரிய வேண்டும். அதற்காக 2021-இல் ஒரு சிறு நிரல் எழுதினேன். கிட்ஹப்பில் உள்ள ஒரு திட்டத்தின் முகவரிக்குப் பின்னால் 'ரிலீசஸ்.ஆட்டம்' என்று சேர்த்தால் வெளியீடுகளின் பட்டியல் கிடைக்கும். மணிக்கொரு தரம் அதை எடுத்து, போன தடவை பார்த்த எண்ணோடு ஒப்பிட்டு, புதிது என்றால் குழு முழுவதற்கும் மின்னஞ்சல். முதல் வாரமே ஒரு கூத்து. எண்களை எழுத்தாக ஒப்பிட்டதால், 2.10-ஐ விட 2.9 பெரிது என்று என் நிரல் சாதித்தது! தம்பிகளே, புள்ளியில் பிரித்து எண்ணாக ஒப்பிடுங்கள்.

பீட்டா, சோதனை வெளியீடு எதையும் நான் விடவில்லை. நாளுக்கு நாற்பது மடல். ஒரே மாதத்தில் எல்லோரும் அவற்றைத் தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால், நானும்தான்.

அந்த டிசம்பரில் ஜாவாக்காரர்கள் பயன்படுத்தும் லாக்ஃபோர்ஜே நூலகத்தில் பெரிய ஓட்டை என்று செய்தி வந்தது. ஒரு வரி எழுத்தை அனுப்பியே நம் சர்வரில் அடுத்தவன் தன் நிரலை ஓட்டிவிடலாம். சனி, ஞாயிறு தூங்காமல் 2.15-க்கு மாறினோம். அப்பாடா என்று உட்கார்ந்தோம். அந்தத் திருத்தம் போதவில்லை என்று 13-ஆம் தேதியே 2.16 வந்துவிட்டது. என் நிரல் தவறாமல் மடல் போட்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை. நாலு நாள் கழித்து வாடிக்கையாளர் ஒருவர் ஃபோனில், "சார், 2.16 போட்டாச்சா?" என்றார். எனக்கு நாக்கு எழவில்லை.

இதைவிடப் பெரிய கதை 2017-இல் நடந்தது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் திருத்தம் மார்ச் 7-இல் வந்தது. அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்துக்குள் இரண்டே நாளில் அறிவிப்பும் போனது. ஆனால் பெறுநர் பட்டியல் பழையது; திருத்தத்தைப் போட வேண்டியவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. மே மாதம் திருடர்கள் நுழைந்தார்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின.

அந்த ஃபோன் வந்த இரவு எனக்கு நம் துறை அட்டெண்டர் அண்ணன் ஞாபகம்தான். நோட்டீஸ் போர்டில் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியதை நாம் யாராவது படித்தோமா? அவரோ சுற்றறிக்கை நோட்டோடு ஒவ்வொரு அறையாக ஏறி இறங்குவார். கையெழுத்து வாங்காமல் நகர மாட்டார். லீவு என்றால் மறுநாளும் வந்து நிற்பார்.

நிரலை அவரைப் போல மாற்றினேன். சோதனை வெளியீடுகளை விட்டுவிட்டேன். ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒரு பொறுப்பாளர். மடலுக்குப் பதில் அவர் பெயரில் டிக்கெட். "போட்டாச்சு" என்றோ, "வேண்டாம், காரணம் இது" என்றோ எழுதாமல் மூட முடியாது. ஒரு நாள் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்குப் போகும். நிரலே செத்துப்போனால்? மௌனமும் 'புதிதாக ஒன்றுமில்லை' மாதிரியேதானே இருக்கும்! அதனால் திங்கள்தோறும் "உயிரோடு இருக்கிறேன்" என்று ஒரு வரி அனுப்பும்.

அந்த மாதக் கடைசியில் 2.17.1 வந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் பெயரில் டிக்கெட் விழுந்தது. மறுநாள் மதியத்துக்குள் மூடிவிட்டார்.

மூன்று மணிக்குக் கணினி ஆய்வகத்தில் நிரலைக் காட்டுகிறேன். மடிக்கணினி உள்ளவர்கள் கொண்டு வாருங்கள்.